புகார் எழுத உதவிய கைகளுக்கு நன்றி

(பயனீட்டாளர் மின்-புகார் இணையத்தளத்தைத் தோட்ட மக்கள் பயன்படுத்த உதவியோருக்கு நன்றி கூறும் பொருட்டுக் குளுவாங்கில் கூடிய கூட்டத்தில் தகவல் இலாகா அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

அதிகாலை இருளில் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் முடித்துக்கொண்டு இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். பாலோவிலிருந்தும் நியோரிலிருந்தும் ரெங்கத்திலிருந்தும் லாயாங் லாயாங்கிலிருந்தும் வந்திருப்போரை இங்கே காண்கின்றேன். நாளைக் காலையிலும் மரங்கள் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆதலின் உரையை நீட்டி உங்கள் உறக்கத்தைக் களவாடும் எண்ணம் எனக்கில்லை. எனினும், நன்றி கூறும் கடமையை அவசரத்தில் முடித்துவிடுதல் முறையாகாது.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு, பயனீட்டாளர்கள் தங்கள் குறைகளைத் தெரிவிப்பதற்கென மின்-புகார் இணையத்தளம் ஒன்றை நடத்தி வருகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். பட்டணத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. கைப்பேசி இருந்தால் வீட்டுத் திண்ணையிலிருந்தே புகார் அனுப்பலாம். சொல்வதற்கு இது எவ்வளவு எளிதாக இருக்கின்றது! ஆனால் அறுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி, தம் அடையாளக் கார்டு எண்ணையும் கடையின் முகவரியையும் நடந்த விவரத்தையும் தேசிய மொழியில் அந்தச் சிறிய திரையில் எப்படி எழுதுவார்? வாசல் திறந்திருந்தது, படியேற்றிவிடக் கை ஒன்று தேவைப்பட்டது. இணையத்தளத்தை அமைத்த கணினி வல்லுநர்களுக்குச் சம்பளம் உண்டு. அவர்களுக்கும் நம் நன்றி உரியதே. ஆயினும் இன்று நான் முதன்மையாக நன்றி கூற வந்திருப்பது, ஒரு காசும் பெறாமல் கை கொடுத்தவர்களுக்கே ஆகும்.

இத்தகைய உதவி நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த காலத்தில், ஊரிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுத வேண்டுமானால் தோட்டப் பள்ளி ஆசிரியரையோ கிராணியையோ நாடிச் செல்வது வழக்கம். சொல்பவர் கண்ணீர் விட்டுக்கொண்டே சொல்வார். எழுதுபவரோ, ‘இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்’ என்று தொடங்குவார். அன்று அந்த ஆசிரியர் செய்த பணியை இன்று ஐந்தாம் படிவம் பயிலும் மாணவியொருத்தி கைப்பேசியில் செய்கின்றாள். வேறுபாடு ஒன்று உண்டு. புகாரும் ஒரு கடிதமே எனினும், அதில் ‘யாவரும் நலம்’ என்று எழுதிவிட முடியாது.

ஆசிரியப் பயிற்சி பெற்று இத்துறைக்கு வந்தவன் ஆதலால், எழுத்தைப் பற்றிச் சிறிது பேசுவதற்கு எனக்கு அனுமதி தாருங்கள். உங்கள் பிள்ளைகள் எழுத உதவிய சில புகார்களைச் சம்பந்தப்பட்டவர்களின் இசைவோடு படித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் எழுதப்பட்டவை, ‘கடைக்காரர் எங்களை ஏமாற்றிவிட்டார், இது பெரிய அநியாயம், அரசாங்கம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற போக்கில் இருந்தன. அந்த மனவேதனை உண்மையானதே. ஆனால் விசாரிக்க வரும் அதிகாரி எந்தக் கடைக்குச் செல்வார்? எதைக் கேட்பார்? சில மாதங்கள் சென்றபின் எழுதப்பட்ட புகார் ஒன்று வேறு விதமாக இருந்தது. இன்ன தேதியில், இன்ன தெருவிலுள்ள கடையில், இன்ன விலைக்கு வாங்கிய குளிர்பதனப் பெட்டி. பத்தொன்பதாம் நாள் குளிர்ச்சி நின்றுவிட்டது. இருமுறை கடைக்குச் சென்றோம். பழுதுபார்த்துத் தரவும் மாற்றித் தரவும் மறுத்தனர். ரசீதின் படமும் பெட்டியின் படமும் இத்துடன் உள்ளன. அவ்வளவுதான். ‘அநியாயம்’ என்ற சொல் எங்கும் இல்லை. படித்து முடித்தபோது அநியாயம் தெளிவாகவே தெரிந்தது. அதை எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுக்க என் கை துடித்தது; பழைய பழக்கம் எளிதில் போவதில்லை.

அந்த ரசீது எப்படிக் கிடைத்தது என்பதையும் கூற வேண்டும். நம் வீடுகளில் ரசீது சாமி படத்தின் பின்னால் செருகப்படும். அல்லது மீன் சுற்றிய தாளோடு குப்பைக்குப் போகும். கடைகளில் இப்பொழுது தரும் ரசீதுகளில் பல, சில மாதங்களில் எழுத்து மங்கி வெறுந்தாள் ஆகிவிடுகின்றன. ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் தம் லயத்திலுள்ள குடும்பங்களுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக் கொடுத்தார். பொருள் வாங்கிய அன்றே ரசீதைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். உத்தரவாதச் சீட்டை ஓர் உறையில் இட்டு அதன்மேல் பொருளின் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். முப்பது ஆண்டுகள் பால் கணக்கு எழுதிய கையல்லவா! அவருடைய நோட்டுப் புத்தகம் இன்றேல், அனுப்பப்பட்ட புகார்களில் பாதி ஆதாரமின்றி நின்றிருக்கும் என்பது என் கருத்து.

கணக்கு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. பால் நிறுக்குமிடத்தில் நம் கண்கள் எவ்வளவு கூர்மையாக இருக்கின்றன! தராசு எந்த எண்ணைக் காட்டுகிறது, மெட்ரோலாக் எந்த அளவில் நிற்கின்றது, கிராணி என்ன எழுதுகிறார் என்பனவற்றை எட்டிப் பார்த்துவிட்டே நகர்கிறோம். அரைக் கிலோ குறைந்தாலும் கேட்டுவிடுகிறோம். அதே நாம் கடைக்குச் சென்று மீனும் வெங்காயமும் வாங்கும்போது தராசின் பக்கம் திரும்புவதே இல்லை. உழைத்துச் சேர்த்த காசு உள்ளே வரும்போது எண்ணுகிறோம். வெளியே போகும்போது எண்ணுவதில்லை. 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்தின்படி, வியாபாரத்திற்குப் பயன்படும் தராசு ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். அம்முத்திரையைப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ரெங்கம் பக்கத்துத் தோட்டமொன்றில், பால் நிறுக்கும் பெண்களே தங்களுக்குள் பேசிக்கொண்டு இந்த முத்திரையைப் பார்க்கத் தொடங்கினார்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். அவர்களுக்கும் நன்றி.

இனி, எவரும் வெளிப்படையாகப் பேச விரும்பாத செய்திக்கு வருகின்றேன். நம் மக்கள் புகார் செய்யத் தயங்குவதற்கு எழுத்தறிவின்மை மட்டும் காரணமன்று. அந்தச் சிறிய 555 புத்தகமும் ஒரு காரணம். மழைக்காலத்தில் வெட்டு இல்லை, இலையுதிர் காலத்தில் பால் குறைந்துபோகும், சம்பளம் சுருங்கிவிடும். அந்நாள்களில் அரிசியையும் பருப்பையும் பால்மாவையும் கடனாகக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர் கடைக்காரர். அவர்மீது எப்படிப் புகார் செய்வது? நாளைக்குக் கடன் கிடைக்குமா? இது கோழைத்தனமன்று, நன்றியுணர்வும் அச்சமும் கலந்த ஒரு நிலை. ‘உரிமையைக் கேளுங்கள்’ என்று மேடையிலிருந்து கூறுவது எங்களுக்கு எளிது. இரவு அடுப்பெரிய வேண்டியது உங்கள் வீட்டில். ஆகவே, இத்தயக்கத்தைக் குறை கூறும் உரிமை எனக்கோ வேறு எந்த அதிகாரிக்கோ இல்லை.

ஆனால் கடன் வேறு, விலை வேறு. கடன் கொடுத்தவருக்குக் கடனைத் திருப்பிக் கொடுப்பதே கைம்மாறு. குறைந்த எடையை ஏற்றுக்கொள்வது கைம்மாறாகாது. இதை முதலில் எடுத்துக் கூறியவர் தோட்டவாசி அல்லர், ஒரு மளிகைக் கடைக்காரரே என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். அவர் தம் கடையில் எல்லாப் பொருள்களுக்கும் விலைச்சீட்டு ஒட்டி, சோதித்த தராசை வாடிக்கையாளர் பார்க்கும்படி திருப்பி வைத்து, கடன் புத்தகத்தில் ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே எழுதிக் கொடுக்கிறார். ‘என்னிடம் குறை கண்டால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் சரிசெய்யாவிட்டால் இணையத்தளத்தில் போடுங்கள், கடன் நிற்காது’ என்று அவர் அறிவித்தபின் எத்தனையோ பேருடைய அச்சம் நீங்கியது. புகார் இணையத்தளத்திற்கு உதவியோர் பட்டியலில் ஒரு வியாபாரியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

மற்றொருவரைப் பற்றியும் கூறியாக வேண்டும். பால்வெட்டும் அம்மையார் அவர். பெயரைச் சொல்ல அனுமதி தரவில்லை. அவர் இம்மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கிறார்; ஆகையால் நான் எந்தப் பக்கமும் பார்க்கப்போவதில்லை. ஒரு மாலைப் பொழுதில் வேனில் வந்தவர்கள் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றார்கள். தவணை முறை என்றார்கள், கையொப்பம் வாங்கினார்கள், தாளின் நகலைக் கொடாமலே சென்றுவிட்டார்கள். மறுநாள் கணக்குப் பார்த்தபோதுதான் தவணைகளின் மொத்தம் எவ்வளவு என்பது தெரிந்தது. லயம் முழுவதும் புலம்பியது. ஆனால் புகாரில் பெயர் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ‘நாமே கையெழுத்துப் போட்டோமே, போலீஸ் நம்மைத்தானே பிடிக்கும்?’ என்று கூடச் சிலர் அஞ்சினார்கள். அந்த அம்மையார், ‘என் பேரை எழுதும்மா’ என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னார். அவர் பெயர் எழுதப்பட்ட பின்னரே மற்ற வீடுகளும் வந்தன.

1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி, வீடு தேடி வந்து விற்பவர் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, அதன் நகலை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் செய்த மறுநாளிலிருந்து பத்து வேலை நாள்களுக்குள் வாங்குபவர் மனம் மாறி அதை இரத்துச் செய்யலாம். இந்தச் செய்தி அந்த லயத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. உடனே புகார் செய்ததால் பெரும்பாலான வீடுகளிலிருந்து வடிகட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நாள் கடந்தபின் சேர்ந்துகொண்ட ஓரிரு குடும்பங்களுக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அம்மையார் ஒரு நாள் தாமதித்திருந்தால், மேலும் எத்தனை குடும்பங்கள் அந்நிலைக்கு ஆளாகியிருக்கும்?

பெயர் கொடுக்கும் துணிவு நம் நாட்டில் தானாக வளர்ந்ததன்று. அதற்குப் பாத்தி கட்டி நீர் பாய்ச்சிய முன்னோடிகளை இச்சமயத்தில் நினைத்துப் பார்ப்பது நம் கடமை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969இல் தோன்றியது. அதை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்கள், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த தமிழர். மீனவர்களும் தொழிலாளர்களும் நேரில் வந்து குறைகளைச் சொல்வதற்கு அச்சங்கத்தின் கதவு திறந்திருந்தது. அதன் செய்திகள் தமிழிலும் வெளிவந்தன. அச்சங்கத்தின் தொடக்க காலத்தில் உழைத்த அன்வார் பசால் அவர்கள், பின்னர் அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவரானார். அமெரிக்க அதிபர் கென்னடி 1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் பயனீட்டாளர்களின் நான்கு உரிமைகளை அந்நாட்டு மன்றத்தில் அறிவித்தார் அல்லவா? அந்த நாளையே உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொள்ளலாம் என்னும் கருத்தை அன்வார் பசால் முன்மொழிய, 1983 முதல் அது கொண்டாடப்பட்டு வருகின்றது. உலகம் கொண்டாடும் ஒரு நாளுக்கு வித்திட்டவர் நம் நாட்டவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

1973இல் பயனீட்டாளர் சங்கங்களின் சம்மேளனமாகிய போம்கா அமைந்தது. 2004இல் தேசியப் பயனீட்டாளர் புகார் மையம் அதன்கீழ்ச் செயல்படத் தொடங்கியது. இவற்றுக்கிடையே, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இணையத்தின் வழி நடைபெறும் விற்பனையும் இச்சட்டத்திற்குள் வந்தது. கைப்பேசியில் சேலையும் காலணியும் வாங்கும் நம் பெண்பிள்ளைகள் இதை மனத்தில் கொள்வார்களாக.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கடையில் பலகை தொங்கினால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அப்பலகை, பொருள் தரமாக இருக்க வேண்டும் என்று சட்டம் தரும் உத்தரவாதத்தை அழித்துவிடாது. அதற்காக, நிறம் பிடிக்கவில்லை என்று கூறிச் சேலையைத் திருப்பிக் கொடுக்க நமக்கு உரிமையுண்டு என்று கொள்ளலாகாது. பழுது வேறு, மனமாற்றம் வேறு.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. இணையத்தளத்தில் புகார் செய்ததும் பணம் வீடு தேடி வரும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். புகாரின் பேரில் அமைச்சின் அதிகாரிகள் விசாரித்து, சட்டம் மீறப்பட்டிருந்தால் வியாபாரிமீது நடவடிக்கை எடுப்பார்கள். இழந்த பணத்தைப் பெறுவதற்குரிய இடம் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் ஆகும். அங்கே மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. பெரிய கம்பெனியும் வழக்கறிஞரை அனுப்ப முடியாது. தன் ஊழியரையே அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் 10,000 வெள்ளிவரைதான் கோரலாம் என்றிருந்தது; பின்பு அது 25,000 ஆயிற்று; 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 வெள்ளியாக உயர்ந்தது. மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். விசாரணை தொடங்கிய அறுபது நாளுக்குள், இயன்றவரை, தீர்ப்பு வழங்கப்படும். தீர்ப்பின்படி பதினான்கு நாள்களுக்குள் நடவாத வியாபாரி குற்றவாளி ஆவார். அபராதமோ சிறையோ நேரலாம். கூலியைப் பற்றிய வழக்குகள் அங்கே செல்லா. அவற்றுக்குத் தொழிலாளர் இலாகாவும் உங்கள் தொழிற்சங்கமும் இருக்கின்றன. கைப்பேசியில் யாரோ அழைத்துப் பணத்தைப் பறித்துக்கொண்டால் அது மோசடி. இணையத்தளத்தைத் தேடி நேரத்தை இழக்காமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.

உதவிய இளைஞர்களுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. பிறருக்காகப் புகார் எழுதும்போது, எழுதியதைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டி, ‘இது நீங்கள் சொன்னதுதானா?’ என்று கேட்டபின்னரே அனுப்புங்கள். அவருடைய அடையாளக் கார்டின் படம் உங்கள் கைப்பேசியில் தங்க வேண்டாம். வேலை முடிந்ததும் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். புகார் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவர் கையில் கொடுங்கள். கடைக்காரர்மீதுள்ள சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள எவரேனும் உங்களை அணுகினால், பணிவாக மறுத்துவிடுங்கள். ஒரு பொய்ப் புகார் பத்து மெய்ப் புகார்களின் மதிப்பைக் குறைத்துவிடும். உதவிக்குப் பணம் வாங்காதீர்கள் என்று நான் கூறத் தேவையில்லை. நீங்கள் வாங்கியதாக இதுவரை ஒரு செய்தியும் என் காதுக்கு எட்டவில்லை. தேநீரும் வாழைப்பழப் பலகாரமும் கணக்கில் சேரா.

வேலை முடியும் நேரமறிந்து மாலை வேளைகளில் தோட்டங்களுக்கு வந்து விளக்கமளித்த அமைச்சின் அதிகாரிகளுக்கும், மண்டபத்தைத் தந்துதவிய தோட்ட நிர்வாகத்தினருக்கும், இணையத் தொடர்பு விட்டுவிட்டு வந்தபோது வாசலில் வந்து நிற்கத் தம் வீட்டுப் படியைக் கொடுத்த குடும்பத்தினருக்கும் நன்றி. இப்பொழுது நம் வட்டாரத்தில் பல தோட்டங்கள் செம்பனையாக மாறிவிட்டன. லயங்களை விட்டுப் பட்டணத்து வீடுகளுக்குச் சென்றோரும் பலர். அப்படிச் சென்றவர்களுள் சிலர், விடுமுறை நாள்களில் திரும்பி வந்து தங்கள் பழைய அண்டை வீட்டாருக்கு உதவியிருக்கிறார்கள். பெயர் சொல்லி அழைக்கும்போது அவர்களும் தயங்காமல் மேடைக்கு வர வேண்டும்.

கைப்பேசி இல்லாதவர்கள் கட்டணமின்றி அழைக்கக்கூடிய அமைச்சின் எண் 1-800-886-800. அதை எழுதிய தாள்கள் வாசலருகே மேசைமேல் இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். குளிர்பதனப் பெட்டிப் புகாருக்குரிய குடும்பத்தினர், நடுவர் மன்ற மனுவை நிரப்புவதற்காகக் கூட்டம் முடிந்ததும் கிராணி ஐயாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரசீதின் மூலத்தையும் கொண்டு வந்திருப்பீர்கள் என நம்புகிறேன்.